பூண்டு வாசம் அடித்த சீட்டு

வியாழனும் ஞாயிறும் வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. கொடைக்கானல் மேல்மலையிலிருந்து வந்து இறங்கும் மூட்டைகளை அப்பா தோளில் ஏற்றி மண்டிக்குள் அடுக்குவார். பின்னாலேயே நாங்கள் நாலைந்து பயல்கள், சாக்கு ஓட்டையில் சிந்தும் பூண்டுப் பற்களைப் பொறுக்கிக்கொண்டு போவோம். சட்டைப்பை நிறைந்ததும் பலசரக்குக் கடையில் கொட்டிக் காசாக்கி, அந்தக் காசுக்கு டபிள்யூ.டபிள்யூ.எஃப். குஸ்தி வீரர்களின் ட்ரம்ப் கார்டுச் சீட்டு வாங்குவோம். கட்டுக்கட்டாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த அந்தச் சீட்டுகளில் கடைசிவரை பூண்டு வாசம் போகவில்லை.

ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை என்று ஒவ்வொரு சீட்டிலும் வரிசையாக எண்கள் இருக்கும். பெரிய எண்ணைச் சொன்னவனுக்கு எதிராளியின் சீட்டு. எடை பவுண்டில் போட்டிருக்கும் என்பது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. 300 என்று பார்த்ததும் கிலோ என்று நினைத்து, அண்டர்டேக்கர் ஆறு மூட்டைப் பூண்டு கனம் என்று கணக்குப் போட்டோம். ஆறு மூட்டையை ஒரே ஆளாகத் தூக்கி அடிக்கிறவனுக்கு ஏழு உயிர் இருப்பதில் எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், அவர் செத்துச் செத்துப் பிழைப்பார் என்பது அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் பாடத்தில் இல்லாத பாடம். மூட்டை அடுக்கின் மேலேறி அவரைப்போலவே குதித்த கூட்டாளி ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவனுக்கு இருந்தது ஒரே உயிர், நல்லவேளையாக அது தப்பியது.

சீட்டுக்கட்டில் இல்லாத ஒருவர் டிவியில் மட்டும் வருவார். கோட்டு சூட்டு போட்டு, தோளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு நடந்து வந்து, "யூ ஆர் ஃபயர்ட்" என்று தொண்டை கிழியக் கத்துவார். டீக்கடை டிவியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, துண்டை உதறித் தோளில் போட்டபடி சொன்னார்: "மொதலாளின்னா அப்படித்தான்டா இருப்பான்." நாங்கள் சிரித்தோம். "அது நடிப்புப்பா" என்றேன். அப்பா டம்ளரை வைத்துவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார்.

அந்தக் கோட்டுக்காரர் வின்ஸ் மேக்மஹோன் நிஜமாகவே முதலாளி. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் தன் அப்பா நடத்திக்கொண்டிருந்த குஸ்தி கம்பெனியை 1982இல் அவர் விலைக்கு வாங்கினார். அதுவரை அந்தத் தொழிலில் ஊருக்கொரு ஆள் கோதா கட்டுவார், ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை. மேக்மஹோன் அந்த வரப்புகளை எல்லாம் வெட்டிவிட்டார். 1985இல் நியூயார்க்கில் முதல் ரெஸில்மேனியா. 1999இல் பங்குச் சந்தை. 2001இல் போட்டிக் கம்பெனியையே விழுங்கினார். ஓரிடத்தில் தோற்றார்: பாண்டா கரடிச் சின்னம் போட்ட உலக வனவிலங்கு நிதியம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அதே மூன்றெழுத்துக்கு வழக்காடி ஜெயிக்க, 2002இல் எஃப் போய் ஈ வந்தது.

என் கண்ணில் அவருடைய பெரிய காரியம் வேறு. இந்தச் சண்டை முன்கூட்டியே முடிவு செய்தது என்பது அப்போது அந்தத் தொழிலின் பரம ரகசியம். வெளியே சொன்னவனைச் சக வீரர்களே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். 1989இல் நியூ ஜெர்சி சட்டமன்றத்திடம் அவருடைய கம்பெனியே, இது விளையாட்டு அல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்றால் அரசு ஆணையத்தின் கண்காணிப்பும் வரியும் உண்டு. கேளிக்கைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அந்தச் செய்தி எங்கள் வராக நதிக்கரைக்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. சேர்ந்தபோதும் நாங்கள் நம்பவில்லை.

எல்லாம் நடிப்பு என்று சொல்லிவிட்டால் பெரிய சௌகரியம் ஒன்று இருக்கிறது. 2001இல் ஒரு காட்சி: திருமண உறவுக்கு வெளியே தன்னோடு பழகியதாகக் கதையில் வரும் பெண் வீரரை, மேடையில் முட்டி போட்டு நாய்போலக் குரைக்கச் சொல்கிறார் முதலாளி. துணியையும் களையச் சொல்கிறார். அரங்கம் ஆர்ப்பரித்தது. கதைதானே! வள்ளி திருமண நாடகத்தில் பபூன் பேசும் இரட்டை அர்த்தத்துக்கும் இப்படித்தான் விடிய விடியச் சிரிக்கிறோம். ஆனால் எங்கள் ஊர் பபூன் மறுநாள் காலை மஞ்சள் பையோடு பஸ்ஸுக்கு நிற்பார், கூட நடித்தவருக்குச் சம்பளம் கொடுப்பது அவரில்லை.

நடிப்பில்லாத இடங்களும் இருந்தன. 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவேண்டிய வீரர் ஓவன் ஹார்ட் கொக்கி விடுபட்டுக் கோதாவுக்குள் விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தாமல் நடத்தி முடித்தார்கள். அந்த வீரர்கள் யாரும் கம்பெனியின் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரர்கள். சங்கம் கிடையாது. 1986இல் குஸ்தி வீரர் ஜெஸ்ஸி வென்ச்சுரா சங்கம் வைக்கப் பேசியபோது, அதை முதலாளி காதில் போட்டவர் நாங்கள் சீட்டில் கும்பிட்ட ஹல்க் ஹோகன். இங்கே மூட்டை தூக்குகிறவருக்கு நலவாரியம் இருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அம்புட்டு பெரிய உடம்ப வச்சுக்கிட்டா?"

2022 ஜூனில் கணக்கு வெளியே வந்தது. வாயை மூடிக்கொள்ள மேக்மஹோன் 16 ஆண்டுகளில் நான்கு பெண்களுக்கு 1.2 கோடி டாலர் கொடுத்திருக்கிறார் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அடுத்த மாதத்துக்குள் எழுதி முடித்தது. ஓய்வு என்று சொல்லிப் போனார். ஆறு மாதத்தில் திரும்பி வந்தார், ஏழு உயிர் அவருக்கும் உண்டுபோல. 2023இல் கம்பெனி யு.எஃப்.சி. என்ற சண்டைக் கம்பெனியோடு இணைந்து டி.கே.ஓ. ஆனது. 2024 ஜனவரியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு சம்பவம்: 10 ஆண்டுகளுக்கு 500 கோடி டாலருக்கு மேல் என்று நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம். இரண்டு நாள் கழித்து, பாலியல் வன்கொடுமை என்றும் ஆள் கடத்தல் என்றும் முன்னாள் ஊழியர் ஒருவரின் வழக்கு. மறுநாள் பதவி விலகினார். குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். பெண்களோடு செய்துகொண்ட இரண்டு ஒப்பந்தங்களைக் கம்பெனியிடமிருந்து மறைத்ததற்காக, பங்குச் சந்தை ஆணையத்துக்கு 2025இல் 4 லட்சம் டாலர் கட்டினார். அவரோடு சேர்ந்து கம்பெனியை வளர்த்த லிண்டா மேக்மஹோன் அதே ஆண்டு அமெரிக்காவின் கல்வி அமைச்சர் ஆனார். இதையெல்லாம் திரைக்கதையாக எழுதிக் கொடுத்தால் எந்தத் தயாரிப்பாளரும் வாங்கமாட்டார்.

இப்போது வடுகபட்டியில் ட்ரம்ப் கார்டு கேட்டால் கடைக்காரர் சீட்டாட்டக் கட்டை எடுத்துத் தருகிறார். சந்தை அதே நாளில்தான் கூடுகிறது. மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. டீக்கடை டிவி இருக்கிறது, அதில் இந்தச் சண்டை இல்லை. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவிலும் அது நெட்ஃபிளிக்ஸுக்குள் போய்விட்டதால், சந்தா கட்டியவன் வீட்டுப் போனில் மட்டும் ஓடுகிறது.

அக்கா மகள் பார்க்கிறாள். இது எனக்குப் புதிது. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை கிடையாது, டிவியில் வந்த பெண்களும் பெரும்பாலும் சண்டைக்காக வரவில்லை. 2016 வரை அவர்களுக்கான பட்டத்தின் பெயர் 'திவா'. 2019 ரெஸில்மேனியாவில் பெண்கள் கடைசிச் சண்டைக்கு வந்தார்கள், அதுதான் முதல் முறை. இவளுக்கு ரியா ரிப்லிதான் உயிர். யார் யாரைத் தூக்கினாள், எந்த நொடியில் தோள் தரையைத் தொட்டது என்று மூச்சுவிடாமல் சொல்வாள்.

"அதெல்லாம் ஸ்கிரிப்ட்டுனு தெரியுமாடீ?"

"தெரியும் மாமா. விழுறது ஸ்கிரிப்ட்டா?"

அவள் விரல் திரையைத் தள்ளியபோது சண்டைக்குப் பக்கத்திலேயே ஒரு படம் வந்து நின்றது. கோட்டு போட்ட அதே முகம். 2024இல் அவரைப் பற்றி எடுத்த ஆறு பகுதி ஆவணப்படம். அவரை வைத்துச் சம்பாதித்த கூத்தும் அவரைத் தோலுரிக்கும் படமும் ஒரே கடையில், ஒரே சந்தாவில்.

"இந்தத் தாத்தா யாரு மாமா?"

"மொதலாளி."

"எந்த மேட்ச்ல வருவாரு?"

நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்த சண்டையைத் தொட்டுவிட்டாள்.