கேமரா மாத்தப் போறீங்களா? முதல்ல லென்ஸ் பையைத் திறங்க!

குன்னூரில் கல்யாண போட்டோ எடுக்கும் ஒருவர், பழைய நிக்கான் டி.எஸ்.எல்.ஆரை விட்டு மிரர்லெஸ் கேமராவுக்கு மாற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் பாடி விலையைக் கேட்டதும், 'இ.எம்.ஐ. போட்டு வாங்கிடலாம்' என்று முடிவு செய்கிறார். ஆனால், செலவு அதோடு முடிவதில்லை. பையில் இருக்கும் மூன்று லென்ஸ்களில் எத்தனை புது பாடியில் வேலை செய்யும் என்பதுதான் உண்மையான கணக்கு.

பழைய லென்ஸ் பொருந்துமா?

டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி இருப்பதால் இடைவெளி அதிகம். நிக்கானின் பழைய எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ.; புதிய இசட் மவுன்ட்டில் 16 மி.மீ. மட்டுமே. கேனானில் இ.எஃப். 44 மி.மீ., ஆர்.எஃப். 20 மி.மீ. இந்த வித்தியாசத்தை நிரப்பும் வளையம்தான் அடாப்டர். இந்த நிறுவனங்களின் வழக்கமான அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது. அதனால் படத்தின் தரம் குறையாது.

மாட்டினால் போதுமா?

போதாது. நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மோட்டார் உள்ள ஏ.எஃப்.-எஸ். லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். ஏ.எஃப்.-டி. வகையில் செய்யாது. நம் போட்டோகிராபரிடம் இருப்பவை ஏ.எஃப்.-எஸ். 24-70, 50 எம்.எம். டி, 80-200 டி என்றால், முதலாவது மட்டும்தான் தப்பும். கெட்டிமேளம் கொட்டும் அந்த ஒரு நொடியில் கையால் ஃபோகஸ் திருகிக்கொண்டிருக்க முடியுமா?

கேனானில் இ.எஃப்., இ.எஃப்.-எஸ். இரண்டு வகை ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களும் அடாப்டர் வழியே வேலை செய்யும். ஆனால், சிறிய சென்சாருக்கான இ.எஃப்.-எஸ். லென்ஸை ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டினால், 24 மெகாபிக்சல் படம் சுமார் 9 மெகாபிக்சலாகச் சுருங்கும். இ.எஃப்.-எம். லென்ஸ்கள் ஆர் வரிசை கேமராவில் பொருந்தவே பொருந்தாது.

வேறு நிறுவனத்துக்கே மாறுவதாக இருந்தால், ஃபோகஸ் வேகம் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். சொந்த லென்ஸ்களைக் கடைக்கு எடுத்துப் போய் மாட்டிப் பார்ப்பதே நல்லது.

முதலில் எதை வாங்குவது?

பழைய படங்களைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு படத்தின் தகவலிலும் எத்தனை எம்.எம்.மில் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். அதிகம் வருவது எதுவோ, அதற்கான லென்ஸ்தான் முதலில்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் மெதுவாக ஏறும் மலை ரயிலின் ஜன்னலிலிருந்து பள்ளத்தாக்கை எடுக்க வைட் லென்ஸ் வேண்டும். முதுமலை சஃபாரியில் வண்டியை விட்டு இறங்க முடியாது. அங்கே டெலி லென்ஸ்தான் கை கொடுக்கும். கேனான் ஆர்.எஃப். 100-400 வெறும் 635 கிராம். ஆனால், 400 எம்.எம்.மில் எஃப் 8தான். மாலை மங்கியதும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டிவரும். நிக்கான் இசட் 180-600 கடைசி முனையிலும் எஃப் 6.3 தரும், எடையோ சுமார் 2 கிலோ. எடையா, வெளிச்சமா என்பதை உங்கள் தேவைதான் முடிவு செய்யணும்.

பூஞ்சையைப் பாருங்க!

கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு மழை. போதாக்குறைக்குப் பனிமூட்டம். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரியும். அப்படிப்பட்ட லென்ஸை விற்றால் நல்ல விலை கிடைக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்குவதும் நஷ்டம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தாலே ஓரளவு தப்பிக்கலாம்.

எதை எப்போது விற்பது?

பாடி, அடாப்டர், கட்டாயம் தேவைப்படும் ஒரு லென்ஸ். முதலில் இது போதும். பழைய செட்டை உடனே விற்க வேண்டாம். ஒரு முகூர்த்த சீசன் முழுக்கப் புதியதில் எடுத்துப் பார்த்துவிட்டு, பையிலிருந்து வெளியே வராத லென்ஸ்களை மட்டும் விற்கலாம்.

ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் இப்போது பிலிம் தயாராவதில்லை. ஆனால், அந்த ஆலை ஓடிய காலத்தில், 1977இல் வந்த நிக்கான் ஏ.ஐ. லென்ஸ்கள், கையால் ஃபோகஸ் செய்தால், இன்றைய மிரர்லெஸ்ஸிலும் படம் எடுக்கின்றன. பாடி மாறிக்கொண்டே இருக்கும். அதனால், காசை முதலில் லென்ஸில் போடுங்க.