பாட்னாவில் எடுத்த ‘தமிழ்நாட்டு’ வீடியோ! தெரியுமா?

ஆவடிக்குப் பக்கத்து வெள்ளானூரில் புதுசாக எழும்பும் எந்தக் கட்டடத்துக்கும் போய்ப் பாருங்கள். சாரத்தின் மேலிருந்து இந்தி கேட்கும், இல்லாவிட்டால் ஒடியா கேட்கும். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளிலும் இதே கதைதான். இந்தத் தொழிலாளிகளின் சொந்த ஊரில், 2023 மார்ச் முதல் வாரத்தில் என்ன செய்தி ஓடியது தெரியுமா? ‘தமிழ்நாட்டில் இந்தி பேசினால் கொன்றுவிடுகிறார்கள்!’ 12 பேர் செத்தார்கள் என்றது ஒரு கணக்கு. இல்லை, 15 என்றது இன்னொன்று. போலீஸ் விசாரித்ததில் வந்த கணக்கு? பூஜ்யம்!

அப்படியானால் அந்த வீடியோக்கள்? இங்கேதான் வேடிக்கை! திருப்பூர் வீடியோவில் அடித்தவரும் பீகார்க்காரர், அடி வாங்கியவரும் பீகார்க்காரர்! கோயம்புத்தூர் வீடியோவிலோ இரண்டு பக்கமும் உள்ளூர்க்காரர்கள்! அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபுவே இதை வீடியோவில் விளக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வீடியோ இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது! உடம்பெல்லாம் கட்டுப் போட்ட தொழிலாளிகள், முகத்தில் அப்படி ஒரு வேதனை. எங்கே எடுத்தது தெரியுமா? பாட்னா ஜக்கன்பூரில், ஒரு வாடகை வீட்டில்! கண்டுபிடித்துச் சொன்னது நம்ம போலீஸ் இல்லை, பீகார் போலீஸ்! தமிழ்நாட்டில் வாங்கிய அடிக்கு, ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் பயணம் போகிற ஊரில் கட்டுப் போட்டிருக்கிறார்கள்!

அந்த வாரம் சென்னை சென்ட்ரலில் நின்ற கூட்டத்தைக் காட்டி, ‘பயந்து ஓடுகிறார்கள் பாருங்கள்’ என்றார்கள். காலண்டரைப் பார்த்தார்களா? மார்ச் 8 ஹோலி! ஊரிலிருந்து அம்மா போன் போட்டு அழுததால் கிளம்பியவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பண்டிகைக்குப் போகிறவனையும் சேர்த்தல்லவா அகதிக் கணக்கில் எழுதினார்கள்!

உண்மையை நேரில் பார்க்க பீகார் அரசு 4 அதிகாரிகளை அனுப்பியது. தலைமை தாங்கி வந்தவர் பெயர் என்ன தெரியுமா? பாலமுருகன்!

அந்தப் பாட்னா வீடியோ வழக்கில் தேடப்பட்ட யூட்யூபர் மணீஷ் காஷ்யப் மார்ச் 18-ல் சரணடைந்தார். தேசியப் பாதுகாப்புச் சட்டம்கூடப் பாய்ந்தது! அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தடுப்புக்காவலை ரத்து செய்தது. அது இருக்கட்டும். அவர் சரணடைந்தது மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில். அதை ஒட்டிய கிழக்குச் சம்பாரணின் மோதிஹாரியில் 1903-ல் பிறந்த ஆங்கிலேயர் யார் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்! ‘1984’ நாவலில் பொய் தயாரிக்கவே ஒரு ‘உண்மை அமைச்சகம்’ நடத்திக் காட்டினாரே, அவரேதான்!

ஆர்வெல்லுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அவருக்கு பி.பி.சி.யில் வேலை. என்ன வேலை? இந்தியாவைப் பிரிட்டன் பக்கம் நிறுத்தி வைக்கும் பிரசாரம்! அவர் எழுதிய செய்திமடல்களை மொழிபெயர்த்து வானொலியில் வாசித்தார்கள். எந்தெந்த மொழிகளில்? குஜராத்தி, மராத்தி, வங்காளி... தமிழும் உண்டு!

பீகார்க்காரர்கள்தான் ஏமாந்தார்கள் என்று சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! 2018-ல் நம்ம வாட்ஸ்அப்பில் ஓடியது என்ன? ‘வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது!’ மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் ஒரு காரை மறித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வடநாட்டவரா? சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போன தமிழ்க் குடும்பம்! மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் கூட இருந்தார்கள். செய்த குற்றம்? வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே சமயத்தில், வெள்ளானூர் இருக்கிற இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காட்டில் இன்னொரு உயிர். பிள்ளை பிடிப்பவன் என்று அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அந்த வருஷம் இந்தியா முழுக்கப் பெற்றோரை நடுங்கவைத்த வீடியோ நினைவிருக்கிறதா? பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைச் சட்டென்று தூக்கிக்கொண்டு பறப்பார்களே! அது எந்த ஊர் தெரியுமா? கராச்சி! எடுத்தது யார்? குழந்தைக் கடத்தலைத் தடுக்கப் பாடுபடும் தொண்டு நிறுவனம்! அது ஒரு விழிப்புணர்வுப் படம். கடைசியில் பைக் திரும்பி வரும், பையனை இறக்கிவிட்டு ஓர் அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளைத்தான் யாரோ வெட்டி எறிந்தார்கள். கத்தரிக்கோல் செய்த வேலையைப் பார்த்தீர்களா!

செய்தியை வைத்து நடக்கும் சண்டையெல்லாம் செல்போன் வந்த பிறகுதான் என்று நினைக்கிறீர்களா? 1878-க்குப் போவோம்! சென்னை உயர்நீதிமன்றத்துக்கு முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயரை நியமித்ததும், வெள்ளைக்காரப் பத்திரிகைகள் குதிகுதி என்று குதித்தன! கொதித்துப்போன ஆறு இளைஞர்கள் பதிலடி கொடுக்க ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். முதலீடு? கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா! அச்சிட்டது? 80 பிரதிகள்! அதுதான் ‘தி இந்து’!

அதே 1878-ல் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட வைஸ்ராய் லிட்டன் பிரபு ஒரு சட்டம் போட்டார். ஆங்கிலப் பத்திரிகைக்கு அது பொருந்தாது! கல்கத்தாவில் வங்காளியும் ஆங்கிலமுமாக வந்துகொண்டிருந்த ‘அம்ரித பஜார் பத்திரிகா’ என்ன செய்தது தெரியுமா? ஒரே ராத்திரியில் முழு ஆங்கிலப் பத்திரிகை ஆகிவிட்டது! என்ன சாமர்த்தியம்!

சொல்லாமல் விடுவதும் பிரசாரம்தான், தெரியுமா? 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சாம்பலானவை சுமார் 97,000 நூல்கள்! அந்த நாட்களிலேயே யாழ்ப்பாணத்தின் ‘ஈழநாடு’ அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள். இலங்கையின் தேசியப் பத்திரிகைகளோ வாயே திறக்கவில்லை!

செய்தி ஒருதலைப்பட்சம் என்று திட்டுகிறோமே, அதிலும் ஒரு கூத்து! 1985-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1982-ல் பெய்ரூட்டில் நடந்த பாலஸ்தீன அகதிகள் படுகொலை பற்றிய டி.வி. செய்திகளை 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் சொன்னது: ‘எங்களுக்கு எதிரான செய்தி!’ அரபு ஆதரவாளர்கள் சொன்னது: ‘எங்களுக்கு எதிரான செய்தி!’ இரு தரப்பும் பார்த்தது ஒரே செய்தி!

பொய்யின் வேகம்? எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ட்விட்டரில் சுமார் 1,26,000 தகவல்களைத் துரத்திப் பார்த்து 2018-ல் சொன்னார்கள்: 1,500 பேரை எட்ட, பொய்யைவிட உண்மைக்கு சுமார் 6 மடங்கு நேரம் பிடிக்கிறது! பரப்பியது ரோபோ கணக்குகளா? ரோபோக்கள் பொய்யையும் உண்மையையும் ஒரே மாதிரிதான் பரப்பினவாம். வித்தியாசம் மனுஷனால்!

2018 கொலைகளுக்குப் பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவுக்கென்று ஒரு கடிவாளம் போட்டது: ஒரு தகவலை ஒரு தடவைக்கு 5 இடங்களுக்கு மட்டுமே ஃபார்வர்டு செய்யலாம்! அப்போது ஒரு குரூப்பில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்தும் குரூப்பாக இருந்தால்? அனுப்புகிறவரைக் கழித்தாலும், ஒரே தட்டில் 1,275 பேர்! கட்டுப்பாடு போட்ட பிறகும் வந்த கணக்கு இது!