ஒரே பக்கம், பல முகவரிகள்

முகவரி எவ்வளவு முக்கியம் என்பதைத் தோட்டத்தில் வாழும் குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில் பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீடு சேரும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதைகள் நம்மிடையே ஏராளம். இன்று நாம் பேசப்போவதும் முகவரியைப் பற்றித்தான். ஆனால் இது தபால் முகவரி அன்று. இணையக் கடையின் முகவரி.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும் மகள், கைப்பேசியில் ஒரு சேலையைப் பார்க்கிறாள். 'அம்மா, இது பிடித்திருக்கிறதா?' என்று கேட்டு அதன் இணைப்பை அனுப்புகிறாள். தோட்டத்தில் அம்மா அதைத் தொட்டால் சேலை வரவில்லை. கடையின் முகப்பு வருகிறது, அல்லது 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்பு வருகிறது. குற்றம் அம்மாவின் கைப்பேசியில் இல்லை. கடையைக் கட்டியவர் அதன் வழிகளைச் சரியாக அமைக்கவில்லை. இந்த வேலையைப் படிக்கும் பிள்ளைகள் இப்போது நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஆகவே அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் சிராங்கூன் சாலைக்குப் போவோம். லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையம் இருக்கும் இடம் 665, பஃபலோ சாலை. அதன் அஞ்சல் எண் 210665. கடைசி மூன்று இலக்கங்களைப் பாருங்கள். கட்டட எண்ணே அதில் அடங்கியிருக்கிறது. 1950இல் சிங்கப்பூரில் இரண்டு இலக்க அஞ்சல் எண் வந்தது. அது வட்டாரத்தை மட்டுமே காட்டியது. 1979இல் அது நான்கு இலக்கமாகி, 1995இல் ஆறு இலக்கமானது. ஆறு இலக்கம் வந்த பிறகு எண்ணைச் சொன்னாலே கட்டடம் தெரிந்துவிடுகிறது. பக்கத்திலேயே கெர்பாவ் சாலை என்று இன்னொரு தெருவும் உண்டு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை, பஃபலோ என்றால் ஆங்கிலத்தில் எருமை! மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம் அது. பொருள் ஒன்றானாலும் முகவரி வேறு என்பதால் தபால்காரர் தடுமாறுவதில்லை.

இனி இணையத்துக்கு வருவோம். பழைய முறையில் கடையின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஏடு. ஒரு சேலையைத் தொட்டால், தொலைவில் இருக்கும் சர்வர் என்னும் கணினி அந்தப் பக்கம் முழுவதையும் புதிதாக அனுப்பும். ஒற்றைப் பக்கச் செயலியோ ஒரே ஏட்டை ஒருமுறை வாங்கிக்கொள்கிறது. அதன்பின் திரையில் எதைக் காட்டுவது என்பதை, அந்த ஏட்டோடு வந்த நிரல் கைப்பேசிக்குள்ளேயே முடிவு செய்கிறது. சர்வரிடம் விலை, படம் போன்ற விவரங்களை மட்டும் கேட்டு வாங்குகிறது. 2010இல் வெளிவந்த ஆங்குலர், 2013இல் வந்த ரியாக்ட், 2014இல் வந்த வியூ ஆகிய கருவிகள் இந்த முறையைப் பரவலாக்கின.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏடு ஒன்றே என்றால் முகவரியும் ஒன்றுதானே? சையத் ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டரை அறிந்தவர்கள் எண்ணிப் பாருங்கள். நகை, மருந்து, மளிகை, துணி என்று மாடி மாடியாகப் பொருள்கள். 'முஸ்தபாவுக்கு வா' என்று மட்டும் சொன்னால் வருகிறவர் எங்கே நிற்பார்? ஒற்றைப் பக்கக் கடையில், வழி அமைக்காவிட்டால், அந்த நிலைதான். பின்செல் பொத்தானை அழுத்தினால் முந்தைய பொருளுக்குப் போகாமல் கடையை விட்டே வெளியே வந்துவிடுவோம்.

இதற்காகத்தான் வழிப்படுத்தி என்ற பகுதியை எழுதுகிறார்கள். அது ஓர் அட்டவணை என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் சாய்கோடு வந்தால் முகப்பு. '/சேலைகள்' என்றால் பட்டியல். '/கூடை' என்றால் வாங்க எடுத்தவை. ஆயிரம் சேலைக்கு ஆயிரம் வரி எழுத வேண்டுமா? வேண்டாம். '/சேலைகள்/எண்' என்று ஒரே வரி எழுதி, எண் இருக்கும் இடத்தை மாறியாக விட்டால் போதும். '/சேலைகள்/665' வந்தால் நிரல் 665ஐப் பிரித்தெடுத்து, அந்தச் சேலையின் விவரத்தைச் சர்வரிடம் கேட்கும். அஞ்சல் எண்ணிலிருந்து கட்டட எண்ணை எடுப்பது போலத்தான். ஆங்குலர் போன்ற சிலவற்றில் அட்டவணையில் முதலில் பொருந்தும் வரியே வெல்லும். எனவே '/சேலைகள்/புதியவை' என்ற வரியை எண்ணுக்குரிய வரிக்கு மேலே எழுத வேண்டும். இல்லையேல் 'புதியவை' என்ற எண்ணுள்ள சேலையைத் தேடிக்கொண்டிருக்கும்!

வாடிக்கையாளர் இணைப்பைத் தொடும்போது உலாவி சர்வருக்கு ஓடாதபடி நிரல் அதைத் தடுக்கிறது. பிறகு 'புஷ்ஸ்டேட்' என்ற கட்டளையால் முகவரிப் பட்டையை மாற்றி, புதிய காட்சியை வரைகிறது. உலாவி இந்த மாற்றத்தைத் தன் வரலாற்றில் குறித்துக்கொள்வதால் பின்செல் பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும். சிவப்புச் சேலை மட்டும், விலை குறைந்தது முதலில் என்ற தெரிவுகளையும், கேள்விக்குறிக்குப் பின் முகவரியிலேயே எழுதிவைப்பது நல்லது. அப்போதுதான் மகள் பார்த்த அதே பட்டியலை அம்மாவும் பார்க்க முடியும்.

இப்போது அம்மாவின் கைப்பேசிக்குத் திரும்புவோம், ஏனெனில் பலர் இடறுவது இங்கேதான். மகள் கடைக்குள் நடந்து நடந்து சேலையை அடைந்தாள். வழிப்படுத்தி அவளோடு இருந்தது. அம்மாவிடம் இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை. அவருடைய உலாவி நேரே சர்வரிடம் போய் '/சேலைகள்/665' கேட்கிறது. சர்வரில் அப்படி ஓர் ஏடே கிடையாது, இருப்பது ஒரே ஏடு. ஆகவே அது 404, அதாவது 'இல்லை' என்று திருப்பி அனுப்புகிறது. உண்மையான கோப்பு எதற்கும் பொருந்தாத முகவரி வந்தால் அந்த ஒரே ஏட்டையே கொடு என்று சர்வருக்குக் கட்டளையிட வேண்டும். ஏடு வந்ததும் உள்ளிருக்கும் நிரல் முகவரியைப் படித்துச் சேலையைக் காட்டிவிடும். சர்வரின் அமைப்பில் கைவைக்க முடியாதவர்கள் முகவரியில் '#' குறி இட்டு, அதன்பின் வழியை எழுதுவார்கள். அக்குறிக்குப் பின்னுள்ளதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. பார்வைக்கு அவ்வளவு அழகில்லை, ஆனால் வேலை நடக்கும்.

பணம் கட்டும் பக்கத்துக்குக் காவல் வைப்பார்கள். உள்நுழையாதவர் வந்தால் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பி, வந்த வழியை நினைவில் வைத்து, பிறகு அங்கேயே கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் இது வெறும் கதவுத் திரை, பூட்டு அன்று. கைப்பேசிக்குள் இருக்கும் நிரலைத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். விலையையும் ஆளையும் சர்வர் மறுபடி சரிபார்த்தே தீர வேண்டும்.

மலைப்பகுதியில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடுதானே கிடைக்கிறது? எல்லாப் பக்கங்களின் நிரலையும் முதலிலேயே இறக்கினால் டேட்டா தீரும், பொறுமையும் தீரும். எனவே பணம் கட்டும் பகுதியின் நிரலை, அந்த வழிக்குப் போகும்போது மட்டும் இறக்குமாறு பிரித்து வைக்கலாம். முகவரியைத் தமிழில் எழுதலாமா என்றும் கேட்பார்கள். எழுதலாம். ஆனால் அதை நகலெடுத்து அனுப்பும்போது யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்துகளாக விரிந்துவிடுவதுண்டு. பொருளுக்கு எண் வைத்தால் இணைப்பு சுருக்கமாக இருக்கும்.

கடை கட்டிப் பழகும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு பொருளின் இணைப்பை வேறொருவர் கைப்பேசிக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே பக்கத்தைப் புதுப்பித்து, கூடையில் ஒன்றை வைத்து, பின்செல் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்க்கட்டும்.