அரை விநாடித் தாமதம்

கணிப்பொறிக்குள் புகும் கள்ள நிரல் தன் பெயரைக் கூறிக்கொண்டு வருவதில்லை. ஆயினும் அது உழைத்தாக வேண்டும். உழைத்தால் நேரம் செலவாகும். அச்செலவைக் கொண்டே திருட்டைக் கண்டுபிடித்த வரலாறு ஒன்றுண்டு.

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்னும் மைக்ரோசாப்ட் பொறியாளர், போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். அளவை துல்லியமாக அமையும்பொருட்டுப் பிற வேலைகளை அடக்க முயன்றபோது, வெளியிலிருந்து நுழைவோரைச் சோதிக்கும் எஸ்.எஸ்.எச். நிரல் அளவுக்கு மீறி உழைப்பதைக் கண்டார். தவறான பெயருடன் வந்தவரைத் திருப்பியனுப்புவதற்கு இத்தனை பாடா? முன்பு ஏறக்குறைய 0.3 விநாடியில் முடிந்த நுழைவு, இப்போது 0.8 விநாடி பிடித்தது. நம்மில் எவரும் அரை விநாடியைப் பொருட்படுத்தோம், அவர் பொருட்படுத்தினார். துருவிச் சென்றதில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று அகப்பட்டது. ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர், ஈராண்டுகளுக்கு மேலாக நல்லுதவியாளராய் நடித்து, நம்பிக்கை பெற்று, அதனை நுழைத்திருந்தார். மார்ச்சு 29ஆம் நாள் செய்தி வெளிவந்தது. நிலைத்த வெளியீடுகளுக்குள் அது பரவியிருப்பின், உலகின் எண்ணற்ற லினக்ஸ் கணிப்பொறிகளின் திறவுகோல் ஒருவர் கையிற் சிக்கியிருக்கும்.

1988 நவம்பரில் இராபர்ட் மாரிஸ் விடுத்த 'புழு'வும் மந்தத்தினாலேயே வெளிப்பட்டது. ஒரே கணிப்பொறியில் மீண்டும் மீண்டும் தொற்றி, அதனை மூச்சுத் திணற வைத்துவிட்டதன்றோ!

நம் இல்லத்துக் கணிப்பொறியிலும் இம்முறை ஓரளவு செல்லும். விண்டோசில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். எவ்வேலையும் இன்றி இருக்கையில் செயலி எத்தனை விழுக்காடு உழைக்கிறதென்பதை, நலமாயுள்ள நாளிலேயே குறித்து வைத்தல் நன்று. பழைய அளவு தெரியாதவருக்குப் புதிய அளவு என்ன சொல்லும்? பிறர் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் செயலியைப் பிழிந்தெடுக்கும். விசிறி ஓயாது இரையும். அவற்றுட் சில, டாஸ்க் மேனேஜர் திறந்தவுடன் பதுங்கிக்கொள்ளும் தந்திரமும் உடையன. திறந்ததும் விசிறி அடங்கி, மூடியதும் இரைந்தால் ஐயங்கொள்க.

மந்தமெல்லாம் நோயன்று. தூசியும், நிரம்பிய வட்டும், விண்டோசின் புதுப்பிப்பும் இவ்வாறே செய்யும். மாறாக, கடவுச்சொல்லை மட்டும் களவாடும் நிரலுக்கு உழைப்பு மிகச் சிறிது. அங்கே வேகத்தைப் பார்த்துப் பயனில்லை. ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பும் கணிப்பொறியில் வைரஸ் தடுப்பு நிரலும் விழித்திருத்தல் வேண்டும்.