பொதுக் கருவூலத்தின் சாவி

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறியவர்களுக்குத் தாய்மொழி நூல் என்பது கடைத்தெருவில் எளிதிற் கிடைக்கும் பண்டம் அன்று. தோல் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைத் தாராவிக்கு வந்தவர்களும், அலுவலக வேலையை நாடி மாதுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் குடியமர்ந்தவர்களும், சங்கங்களும் படிப்பகங்களும் அமைத்து இக்குறையை ஓரளவு போக்கிக் கொண்டனர். இன்று அக்குறையைப் பெரிதும் போக்கி வருபவை, கணினி வழியே நூல்களைப் பொதுவிற் பகிர்ந்து கொள்ளும் தொண்டர் குழுக்களாகும். அக்குழுக்கள் எவ்வாறு இயங்குகின்றன, எவற்றால் தடைப்படுகின்றன, அவற்றைக் காக்கும் வழி யாது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இக்குழுக்களுள் மூத்தவற்றில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலாளர் கல்யாணசுந்தரம் அவர்கள் அதனை ஒருங்கிணைத்து வந்தார். ஒரு நாட்டிலிருக்கும் அன்பர் நூலைத் தட்டச்சுச் செய்வார்; வேறொரு நாட்டிலிருப்பவர் பிழை திருத்துவார். இவ்வாறு திருக்குறள் முதலாகப் பல நூறு நூல்கள் மின்வடிவம் பெற்றன. உழைத்தவர்க்குக் கூலி இல்லை. படிப்பவர்க்குக் கட்டணமும் இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் படிக்கும் அதே நூலைத் தாராவிச் சந்தில் வாழும் மாணவி தன் கைப்பேசியிற் படிக்கலாம்.

இத்துணை நல்ல பணி சில வேளைகளில் திடீரென்று தடைப்படுவது ஏன்? காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, இயந்திரம் நின்றுபோதல். நூல்களைத் தன்னிடம் வைத்திருந்து கேட்டவர்க்கெல்லாம் அனுப்பும் கணினியை வழங்கி என்கிறோம். அதற்கு ஓயாத மின்சாரம் வேண்டும். பழுதுறாத நினைவுத் தட்டு வேண்டும். ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய இணைய முகவரியும் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் கதவு சாத்தப்படும். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் மும்பையில் மின்சாரம் நின்று, புறநகர் இரயில்களும் வழியில் நின்றதை நம்மிற் பலர் அறிவர். பெரிய நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. 1996இல் தோன்றி உலக நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் இணைய ஆவணகம், 2024 அக்டோபரில் விஷமிகளின் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள் முடங்கிற்று. பிறகு முதலில் படிப்பதற்கு மட்டுமே திறந்தது.

இரண்டாவது, எழுத்து மாறிப்போதல். மதுரைத் திட்டத்தின் தொடக்க கால நூல்களுட் பல திஸ்கி என்னும் குறியீட்டு முறையில் வெளிவந்தன. உலகெங்கும் ஒருங்குறி வழக்கிற்கு வந்தபின், பழைய முறையில் அமைந்த கோப்புகளைப் புதிய கணினிகள் பொருளற்ற கிறுக்கல்களாகவே காட்டின. நூல் இருக்கிறது, ஆனால் படிக்க இயலவில்லை. தொண்டர்கள் பொறுமையுடன் அந்நூல்களை ஒருங்குறிக்கு மாற்றியமையாலேயே அவை இன்றும் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகின்றன.

மூன்றாவது காரணமே கொடியது. அது மனிதர் பிரிந்துபோதல். ஊதியத்திற்கு உழைப்பவரைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் உண்டு. அன்பினால் உழைப்பவரைக் கட்டுவது அன்பும் நம்பிக்கையுமே. முகவரி ஒருவர் பெயரிலும், கடவுச்சொல் மற்றொருவர் நினைவிலும், செலவு வேறொருவர் பையிலும் இருந்தால், ஒரு சிறு மனத்தாங்கலும் பல்லாண்டு உழைப்பைப் பூட்டி வைத்துவிடும்.

இதற்கு உலகில் எடுத்துக்காட்டுகள் உண்டு. 2002இல் ஸ்பானிய மொழி விக்கிப்பீடியாவில், விளம்பரங்கள் புகுந்துவிடுமோ என்ற ஐயத்தால் தொண்டர் பலர் பிரிந்தனர். ஆயின் அக்கட்டுரைகளை எவரும் படியெடுத்துக் கொள்ளலாம் என்னும் உரிமை முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆகவே அவர்கள் படிகளுடன் சென்று தனிக் கலைக்களஞ்சியம் கண்டனர், பழையதும் அழியவில்லை. 2021 மே மாதத்தில் ஃப்ரீநோட் என்னும் உரையாடல் வலையத்தில் நேர்ந்தது வேறு. அதனை யார் ஆள்வது என்ற பூசலில் தொண்டர்கள் விலகி, லிபேரா என்னும் புதிய வலையம் அமைத்தனர். பழைய வலையத்தின் பதிவேடு அடுத்த மாதமே கைவிடப்பட்டது. பல்லாண்டுகளாக அங்குப் பதிந்திருந்த பெயர்கள் பயனற்றுப் போயின.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. பூசல் எக்குழுவிலும் எழும். அதனை முற்றும் தடுத்தல் அரிது. ஆயின் படிகள் பலரிடம் இருந்தால், பூசல் குழுவைப் பிரிக்குமேயன்றி நூலை அழிக்காது.

இது தமிழர்க்குப் புதிய பாடமும் அன்று. பனையோலை சில நூறாண்டுகளுக்கு மேல் நில்லாது. கறையானும் வெள்ளமும் தின்றவை போக எஞ்சிய நூல்கள், பல ஊர்களில் பலர் படியெடுத்து வைத்தமையால் எஞ்சியவையே. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். எல்லா ஏடும் ஒரே வீட்டுப் பரணில் இருந்திருந்தால் அவர் எதனை ஒப்பிட்டிருப்பார்? முன்னோர் ஏடெழுதிக் காத்ததைத்தான் இன்று மாற்றுத் தளம் என்றும் காப்புப் படி என்றும் அழைக்கிறோம்.

ஆகவே பொதுக் கருவூலம் நடத்துவோர் மூன்று நெறிகளைப் போற்றுதல் நலம். படிகள் ஒன்றுக்கொன்று தொலைவான இடங்களில் இருத்தல் வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதைக் கண்ட நாம், ஒரே கட்டடத்தில் இரு படிகள் வைப்பது காவலாகாது என்பதை அறிவோம். அடுத்து, கடவுச்சொல்லும் முகவரி உரிமையும் ஒருவரோடு நில்லாமல் இருவர் மூவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, வரவு செலவையும் முடிவுகளையும் உறுப்பினர் அனைவரும் காணுமாறு எழுதி வைத்தல் வேண்டும். நம் குடியிருப்புகளில் சீட்டு நடத்துவோர் கணக்கைப் பலர் முன்னிலையில் படிப்பது அவநம்பிக்கையால் அன்று. நட்புக் கெடாமல் இருப்பதற்காகவே.

படிப்பவர்க்கும் பங்கு உண்டு. பதிப்புரிமை நீங்கியவையும், பகிர்ந்து கொள்ள உரிமை தரப்பட்டவையுமான நூல்களை இறக்கிச் சங்கத்துக் கணினியில் ஒரு படி வைக்கலாம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் பிழை திருத்தித் தரலாம். கருவூலம் சிலநாள் மூடியிருந்தால் தொண்டர்களைக் கடிந்து எழுதுவதற்கு முன், அவர்கள் பகற்பொழுதில் வேறு தொழில் செய்து பிழைப்பவர்கள் என்பதை நினைவிற் கொள்ளலாம்.

வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் மராத்தியும் பேசி வளரும் நம் பிள்ளைகளுட் பலர், பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பின்றி இருக்கின்றனர். என்றேனும் ஒருநாள் அவர்கள் தாமாக விரும்பித் தமிழ் நூல் ஒன்றைத் தேடி வருவார்கள். அன்று கதவு திறந்திருக்குமாறு செய்வது நம் கடமை. அதற்கு வேண்டுவது பெருஞ் செல்வம் அன்று. இன்னொரு படியும் இன்னொரு சாவியுமே.