சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு வெள்ளம்

கைதட்டல் நடிகர்களுக்கு, வேலை திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு. டில்லி கோல் மார்க்கெட் வட்டாரம் நாடக உலகுக்குத் தந்த விளக்குக்காரரின் கதை இது.

டில்லி கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது மந்திர் மார்க். இன்று அந்தச் சாலையில் இருக்கும் ராய்சினா வங்காளிப் பள்ளியில் ஒரு காலத்தில் படித்த மாணவர் ஒருவர், பள்ளி நாடகத்தில் வேஷம் கட்டவில்லை, வசனம் பேசவில்லை, விளக்குப் போட்டார். அதே கைகள் 1959-இல் கல்கத்தா மினர்வா தியேட்டர் மேடையில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தைத் தொழிலாளர்களோடு சேர்த்து வெள்ளத்தில் மூழ்கடித்தன. மேடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெறும் வெளிச்சமும் நிழலும்தான். ஆனால் பார்த்தவர்களுக்கு மூச்சு முட்டியது.

அவர் பெயர் தாபஸ் சென். 1924-இல் அசாமின் துப்ரியில் பிறந்து, குழந்தையாக டில்லிக்கு வந்தவர். இந்திய மேடை ஒளியமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அந்த வரலாறு தொடங்கிய இடம் பெரிய அரங்கமல்ல; குமாஸ்தாக்களின் குடியிருப்பு.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறியபோது கோப்புகளோடு குமாஸ்தாக்களும் மாறினார்கள். அவர்களுக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸ்களுக்கு நடுவே 1921-இல் எழுந்ததுதான் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட கோல் மார்க்கெட். வங்காளிகள் வந்தார்கள், தமிழர்களும் வந்தார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் முதலில் தேடியது கோயிலும் பள்ளிக்கூடமும். மந்திர் மார்க்கில் வங்காளிகளுக்குக் காளி கோயிலும் பள்ளியும் அமைந்தன. அதே சாலையில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருக்கிறது. மூன்றாவதாகத் தேடியது நாடகம். சொந்த மொழியை நாலு பேர் முன்னால் உரக்கப் பேச அதைவிட நல்ல வழி எது?

இந்த நாடகங்களில் யாருக்கும் சம்பளம் இல்லை. ஆபீஸ் விட்டதும் ஒத்திகை. நடிக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் மற்ற வேலைக்குத்தான். ஹால் பதிவு செய்ய வேண்டும். போலீஸ் லைசென்ஸ் வாங்க வேண்டும். கேளிக்கை வரி விலக்குக்கு அலைய வேண்டும். வெள்ளைக்காரன் 1876-இல் கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் முறைப்படி ரத்தானதே 2018-இல்தான் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். இதோடு முடிந்ததா? யார் வீட்டிலிருந்தாவது நாற்காலி கொண்டுவர வேண்டும். படுதா கட்ட வேண்டும். சைட் விங்கில் பிரதியோடு நின்று வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடைசி வேலைக்குத்தான் ஆள் கிடைப்பது மகா கஷ்டம்.

விளக்கு வேலை இன்னும் ஒரு படி மேல். அதில் உயிருக்கும் ஆபத்து. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வாங்க வசதியில்லாத அமெச்சூர் குழுக்கள் பல ஊர்களிலும் உப்புத் தண்ணீரை நம்பின. ஒரு ஜாடியில் உப்புக் கரைத்த தண்ணீர், அதில் இரண்டு உலோகத் தகடுகள், இரண்டிலும் மின்கம்பி. தகடுகள் நெருங்கினால் விளக்கு பிரகாசிக்கும், விலகினால் மங்கும். மேடையில் கதாநாயகி மெல்ல உயிர் விடும்போது, பின்னால் ஒருவர் தகட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருப்பார். தண்ணீர் சூடேறிக் கொதிக்கும். கை தவறினால் நிஜமாகவே உயிர் போகும்.

ஓவிய ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலில் தாபஸ் சென் நுழைந்தது இந்த உலகத்தில்தான். டில்லியில் ‘இப்டா’ எனப்படும் இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு சேர்ந்து இயங்கிய அவர், பம்பாய் போய்விட்டு 1947-இல் கல்கத்தா சேர்ந்தார். 1954-இல் சம்பு மித்ராவின் ‘பகுரூபி’ குழு தாகூரின் ‘ரக்தகரபி’யை மேடையேற்றியபோது விளக்கு இவருடையது. ‘சேது’ நாடகத்தில் ஒளியாலும் ஒலியாலும் ஒரு ரயில் பார்வையாளர்கள் கண்ணெதிரே ஓடியது. உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில்தான் அந்தச் சுரங்க வெள்ளம். கதைக்காக வந்தவர்கள் மட்டுமல்ல, வெள்ளத்தைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்களும் உண்டு. 1974-இல் சங்கீத நாடக அகாதமி விருது. 2006-இல் மரணம். கடைசிவரை அவர் நின்ற இடம் இருட்டு.

தமிழர்கள் பக்கம் கதை வேறு மாதிரி. தட்சிண பாரத நாடக சபா 1950களில் தொடங்கி டில்லியில் தமிழ் நாடகம் போட்டது. வானொலியில் பணியாற்றிய பூர்ணம் விஸ்வநாதன் டில்லி மேடையில் நடித்துப் பின்னர் சென்னையில் புகழ் பெற்றார். டில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’ முதலில் மேடை ஏறியது இங்கேதான். நடிகர் பெயரும் ஆசிரியர் பெயரும் நிலைத்துவிட்டன. ‘மழை’க்கு விளக்குப் போட்டவரை யாரும் கேட்பதில்லை.

மேடையில் நின்றவர்களிலும் திரைக்குப் பின்னால் உழைக்கும் குணம் படைத்தவர்கள் இருந்தார்கள். அதில் முக்கியமானவர் எஸ்.கே.எஸ். மணி. ‘பாரதி’ திரைப்படத்தில் சின்னசாமி ஐயராக நடித்த பிறகு பாரதி மணி என்று அறியப்பட்டவர். டில்லியில் நடிகராகவும் சபா அமைப்பாளராகவும் பல வருஷம் ஓடியாடியவர், இன்னொரு காரியத்தையும் தலைமேல் போட்டுக்கொண்டார். ஊரும் உறவும் தூரத்தில் இருக்க, டில்லியில் இறந்துபோன தமிழர்களின் கடைசி யாத்திரைக்கு ஏற்பாடு செய்வது. யமுனைக் கரை நிகம்போத் காட் மயானத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை தமிழ் வாசகர்களிடையே பிரசித்தம். கட்டை, வண்டி, புரோகிதர், பதிவுச் சான்றிதழ் என்று ஒன்று விடாமல் நினைவு வைத்துக்கொள்ளும் வேலை அது. நாடகம் போட்டுப் பழகியவருக்குக் கைவந்த கலை. அவரும் 2021-இல் போய்ச் சேர்ந்தார்.

இப்படிப்பட்டவர்களை உருவாக்கியது தனிப்பட்ட நல்ல மனசு மட்டுமல்ல. அந்த வாழ்க்கையின் அமைப்பும்தான். நடந்துபோகும் தூரத்தில் ஆபீஸ், பக்கத்து குவார்ட்டர்ஸில் சக நடிகர், நிச்சயமான சாயங்காலம். பழைய குவார்ட்டர்ஸ்களில் பல இடிந்து அடுக்குமாடிகள் ஆகிவிட்டன. டில்லித் தமிழர்கள் துவாரகாவுக்கும் நொய்டாவுக்கும் குர்காவுன்னுக்கும் சிதறிவிட்டார்கள். தூரத்திலிருந்தும் நடிக்க ஆள் வரும். மேடை ஏறும் ஆசை மெட்ரோ ரயிலைப் பிடித்தாவது வந்து சேரும். படுதா கட்ட யார் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்வார்கள்? சமூக நாடகம் சாகும்போது முதலில் காலியாவது மேடை அல்ல, சைட் விங்.

காசு இருந்தால் விளக்குக்கும் ஒப்பனைக்கும் தொழில்முறை ஆட்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பள்ளிக்கூட மேடையில் சம்பளமில்லாமல் விளக்கைத் திருப்பிப் பார்க்க ஒரு பையனுக்கு வாய்ப்பு இருந்ததால்தான் ஒரு தாபஸ் சென் வந்தார். அந்த வாய்ப்பை வாடகைக்கு எடுக்க முடியாது.

அழைப்பிதழில் அவர்கள் பெயர் வழக்கமாகக் கடைசி வரியில், சின்ன எழுத்தில் வரும். சில சமயம் வராது. நடிகர் வராமல் போனால் மாற்று ஆளைப் போட்டுச் சமாளிக்கலாம். விளக்குக்காரர் வராமல் போனால், அந்த மாற்று நடிகரைக்கூட யாரும் பார்க்க முடியாது.