ஈட்டி, வில், குதிரை: பாஞ்சாலங்குறிச்சியில் யார் இல்லை?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். ஃபேண்டஸி நாவல் எழுதுற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணே, என் ராஜாகிட்ட ஈட்டிப்படையும் வில்லாளிகளும் இருக்காங்க. புல்வெளியிலிருந்து நாடோடிக் குதிரைக்காரங்க கூட்டணிக்கு வர்றாங்க. மூணு பேரையும் ஒரே களத்துல எப்படி நிக்க வைக்கிறது?"

கேம் ஆடுறவங்க டக்னு சொல்லிடுவீங்க: ஈட்டி முன்னாடி, வில் பின்னாடி, குதிரை ஓரத்துல. சரிதான். ஆனா ஏன்? அதைப் புரிஞ்சுக்க, மேலப்பாளையத்துல இருந்து காலையில பைக் எடுத்தா மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடுற தூரத்துல ஒரு இடம் இருக்கு. பாஞ்சாலங்குறிச்சி.

1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட பிறகு, கும்பினி அந்தக் கோட்டையை இடிச்சுப் போட்டது. 1801 பிப்ரவரி 2-ம் தேதி ஊமைத்துரையும் கூட இருந்தவங்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினாங்க. பாளையங்கோட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர், ஸ்கூல் படிக்கும்போது சைக்கிள்ல போவோம். மேஜர் மெக்காலே படையோட பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனா, தரைமட்டமான கோட்டை மறுபடியும் எழும்பி நிக்குது. வெறும் மண் கோட்டை.

மார்ச் 31-ல் கும்பினிப் படை தாக்கியது. பீரங்கி சுவரை உடைச்சது, சிப்பாய்கள் அந்த உடைப்புல ஏறவும் செஞ்சாங்க. ஆனா உச்சியில ஒரு ஆளாலயும் நிக்க முடியலை. உள்ளே ஆளைவிடப் பல மடங்கு நீளமான ஈட்டிகளோட ஆட்கள். ஏறினவனைக் கீழிருந்தே குத்தித் தள்ளினாங்க. இதையெல்லாம் அந்தப் போர்ல இருந்த ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற அதிகாரியே பின்னாடி புத்தகமா எழுதியிருக்கார். தாக்குதல் தோத்துப்போச்சு.

ஈட்டிக்கு வேண்டியது இதுதான்: குறுகலான வாசல், ரெண்டு பக்கமும் காவல். அது கிடைச்சா துப்பாக்கிக்காரனையே நிறுத்தும். கிடைக்கலைன்னா?

மே மாசம் கர்னல் அக்னியூ இன்னும் பெரிய படையோட, நிறைய பீரங்கியோட வந்தார். மே 24-ல் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவங்க சிதறி ஓடலை, நெருக்கமாச் சேர்ந்தே வெளியேறினாங்க. அதுதான் எனக்கு இந்தக் கதையில ரொம்பக் கனமான இடம். வெளியே கரிசல் காடு, மறைவே கிடையாது. கும்பினியோட குதிரைப்படை அங்கதான் காத்திருந்தது. நூற்றுக்கணக்கானவங்க அந்த வெட்டவெளியில செத்தாங்க. அந்தக் குதிரைகளை விரட்ட இவங்க பக்கம் ஒரு குதிரைப்படை இல்லை, தூரத்துல நிறுத்தி வைக்க அடர்த்தியான அம்போ குண்டோ இல்லை. தைரியத்துல குறை சொல்ல யாராலும் முடியாது, ஆனா மூணு வேலைல ஒரு வேலைக்குத்தான் ஆள் இருந்தது.

மத்த ரெண்டு வேலைக்கு வருவோம். தரையில நிக்கிற வில்லாளி காலை ஊன்றி பெரிய வில்லை இழுக்கலாம். ஓடுற குதிரை மேல இருக்கிறவனைவிட அவன் அம்பு தூரம் போகும், குதிரையோ பெரிய இலக்கு. அதனால எதிரி குதிரைக்காரனைத் தள்ளி நிறுத்துறது வில்லாளி வேலை. மீறி வந்தா ஈட்டி. 1192-ல் யாஃபாவில் இங்கிலாந்து ரிச்சர்ட் இதைத்தான் செஞ்சார்: மண்டியிட்டு ஈட்டி ஊன்றின வரிசை, இடையில குறுக்குவில். சலாஹுத்தீனோட குதிரைப்படையால உள்ளே வர முடியலை. ஆனா ரிச்சர்டுகிட்ட இருந்த குதிரைகளைக் கைவிரல்ல எண்ணிடலாம். அவ்வளவு குதிரையை வச்சு ஒரு படையைத் துரத்தி அழிக்க முடியாது.

துரத்துறது நாடோடியோட வேலை. சுத்தி வளைக்கிறது, எதிரி வரிசையைக் கலைக்கிறது, ஓடுறவனை விடாம போறது. ஆனா அவன் அம்புக்கூடு சீக்கிரம் காலியாகும், குதிரை இளைக்கும். கி.மு. 53-ல் காரே போர்ல, பார்த்தியர்களோட அம்பு தீர்ந்துடும்னு ரோமர்கள் காத்திருந்தாங்க. தீரலை. பின்னாடி ஒட்டகங்கள் அம்பு மூட்டையோட நின்னுச்சு. தம்பி, உங்க கதையில அந்த ஒட்டகத்தோட இடம்தான் ஈட்டிப்படைக்கு. குதிரைக்காரன் ஓடி வந்து மூச்சு வாங்கி, குதிரை மாத்தி, அம்பு நிரப்பிட்டுப் போற சார்ஜிங் ஸ்டேஷன்.

சரி, நம்ம ராஜாக்கள் குதிரையை வாங்கிக்கலாமே? வாங்கினாங்க. தாமிரபரணி கடல்ல சேர்ற இடத்துல இருந்த காயல் துறைமுகத்துல அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கினதை 13-ம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ சொல்றார். பராமரிக்கத் தெரியாம நிறைய செத்துப்போகும்னும் சொல்றார். கிட்டத்தட்ட ஹார்டுவேர் வாங்கிட்டு, ஓட்ட ஆள் எடுக்காத கதை.

விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் (ஆட்சி 1424–1446) ஆளையும் எடுத்தார். பாமினி சுல்தான்கள் ஏன் ஜெயிக்கிறாங்கன்னு சபையில கேட்டப்போ, நல்ல குதிரை, நல்ல வில்லாளின்னு பதில் வந்ததாம். 2000 முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து, தன் ஆட்களுக்கு வில் கத்துக்கொடுக்கச் சொன்னார், அவங்க மரியாதை செய்யத் தன் முன்னாடி குர்ஆனையும் வச்சார்னு பெரிஷ்தா எழுதுறார். புல்வெளியில பிறந்த போர்முறை துங்கபத்திரைக் கரைக்கு வந்தது இப்படித்தான். அந்த 2000 பேருக்கு முதல்ல அங்க தங்கறதுக்கு ஒரு காரணம் வேணும் இல்லையா?

அதைத்தான் உங்க நாவல்லயும் யோசிக்கணும். நம்ம பக்கம் அறுப்பு முடிஞ்ச வயல்ல கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போடுவாங்க. வயல்காரனுக்கு உரம், கீதாரிக்குக் கூலி, ஆட்டுக்கு மேய்ச்சல். மேய்ச்சல் முடிஞ்சா அடுத்த ஊர். நாடோடிக் கூட்டணியும் அந்த மாதிரிதான். உங்க குதிரைக்காரனுக்கு ஆளுக்கு நாலஞ்சு குதிரை இருக்கும். அத்தனைக்கும் புல் எங்க இருக்குன்னு முதல்ல மேப்ல குறிங்க. புல் தீர்ற மாசத்துல அவன் கிளம்பிடுவான், அதுக்குள்ள சண்டை முடியணும்.

இன்னொண்ணு. நாடோடிகளோட பழைய தந்திரம், தோத்து ஓடுற மாதிரி நடிச்சு எதிரியை இழுக்கிறது. அதை ஈட்டிக்காரங்ககிட்ட முன்கூட்டியே சொல்லலைன்னா, நம்ம ஆளே ஓடுறான்டானு அவங்களும் ஈட்டியைப் போட்டுட்டு ஓடுவாங்க. எனக்குத் தெரிஞ்சு உங்க நாவலோட நல்ல அத்தியாயம் அங்கதான் இருக்கு. எழுதி முடிச்சதும் அனுப்புங்க தம்பி, அடுத்த எபிசோட்ல பேசலாம்.